ஒன்பது வியாழன்களுக்குப் பிறகு

பெங்களூர் விவேக்நகரில் இருக்கும் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைதான் கூட்டம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மொழி மாறி மாறிப் பூசையும் நவநாள் ஜெபமும் நடந்துகொண்டே இருக்கும். வீட்டு வேலைக்குப் போகிற வழியில் ஐந்து நிமிடம் நின்று கும்பிட்டுப் போகும் பெண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வரும் இளைஞர்கள், நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள், பர்தா அணிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வரிசை. ஒன்பது வியாழன் தொடர்ந்து வருவதாக நேர்ந்துகொண்டவர்கள் அதில் நிறையப் பேர். என்ன கேட்க வந்திருக்கிறோம் என்பதை அங்கே யாரும் மறைப்பதில்லை. வேலை வேண்டும், விசா வேண்டும், குழந்தை வேண்டும், கடன் தீர வேண்டும், மகன் குடியை விட வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது.

சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா பேராலயமும் அப்படித்தான். செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்தி வருகிறார்கள். மாதாவுக்குப் புடவை சாத்துகிறார்கள். நெரிசலான அந்தத் தெருக்களில் தேர் போகிறது. கன்டோன்மென்ட் காலத்தில் தமிழகத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் சந்ததி அந்தத் தேருக்குப் பின்னால் நடக்கிறது. 1898இல் பெங்களூரைப் பிளேக் சூறையாடியபோது மாதாதான் காப்பாற்றினாள் என்று பக்தர்கள் இன்றும் சொல்வார்கள். அதே பிளேக்கில் இந்த ஊர் ஆயிரக்கணக்கானோரைப் புதைத்தது. அவர்களும் வேண்டிக்கொண்டவர்கள்தான்.

இந்த இரண்டு இடங்களிலும் என் மனதைத் தொடுவது, ஆசைப்படுவதற்கு அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை என்பது. தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. அவா அறுத்தலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆசைதான் துக்கத்தின் வேர் என்ற புத்தரின் சொல் இந்த மண்ணில் பல நூற்றாண்டு புழங்கியது. பள்ளிக்கூடத்தில் குறளையும் ஞாயிறு பள்ளியில் வேதத்தையும் மனப்பாடம் செய்த தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தைக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று ஆசையை விடச் சொல்கிறது. மற்றொன்று கேள், தட்டு, தேடு என்கிறது.

கிறிஸ்தவம் எல்லா ஆசைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அடுத்தவன் வீட்டையும் மனைவியையும் மாட்டையும் இச்சிக்கக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் கடைசி. உங்களுக்குள் சண்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, ஆசைகளிலிருந்துதான் என்று விடை சொல்கிறது யாக்கோபின் நிருபம். ஆனாலும் இந்த மதத்தின் நடுவில் நிற்கிறவர், சாவுக்கு முந்தின இரவு ஒரு தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டவர். ஒரு முறை கேட்டு நிறுத்திக்கொள்ளவுமில்லை. மூன்று முறை கேட்டார் என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். பிதாவின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததைப் பற்றி நாம் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் தான் விரும்பியதை வாய்விட்டுச் சொன்னார் என்பதைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. சாக அவருக்கு விருப்பமில்லை. அந்த விருப்பமின்மையை அவர் பாவம் என்று நினைக்கவில்லை. கேட்டது கிடைக்கவுமில்லை.

இவ்வளவு பெரிய மறுப்பை மையமாக வைத்திருக்கும் ஒரு விசுவாசம், மறுக்கப்பட்டவர்களை எப்படி நடத்துகிறது என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

ஜெபித்துக் கிடைத்ததை எழுந்து நின்று சொல்வதற்கு நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கத்தோலிக்கக் கோவில்களில் அதன் இடத்தில் நன்றிக் கடிதங்களும் காணிக்கைகளும் இருக்கின்றன. வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்களும் கால்களும் குவிந்திருப்பதைப் பார்க்கலாம். பார்வை கிடைத்தவர் கண் கொடுக்கிறார், நடக்க முடிந்தவர் கால் கொடுக்கிறார். பார்வை கிடைக்காதவர் எதைக் கொண்டுவந்து வைப்பார்? கேட்டுக் கிடைத்தவர்களுக்கு மைக் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, பத்திரிகையில் பக்கம் இருக்கிறது. கேட்டுக் கிடைக்காதவர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்.

வட பெங்களூரில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் ஒரு தமிழ்ச் சபையில் நான் உட்கார்ந்திருந்தபோது, சாட்சி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். அவருக்கு முன்னால் பேசிய பெண், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தியிருந்தார். பெரியவர் மைக்கை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “அவளுக்காக நீங்க எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சீங்க. எனக்குத் தெரியும். அவ போயிட்டா பாஸ்டர். எனக்குச் சொல்ல வேற சாட்சி இல்ல” என்றார். அவ்வளவுதான் பேசினார். பாஸ்டர் கையசைக்க, கீபோர்டு தொடங்கிவிட்டது, பாட்டு எழுந்தது. அந்தப் பாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் நல்லவர். இறந்துபோன அந்த அம்மாளின் கட்டில் பக்கத்தில் பல இரவுகள் இருந்தவர். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு சாட்சியை ஏற்றுக்கொள்வதற்கான முறை எதையும் நாம் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

முறை இல்லாத இடத்தில் விளக்கங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உங்கள் விசுவாசம் போதவில்லை என்பது ஒன்று. குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்பது இன்னொன்று. இவை இரண்டும் கொடுமையானவை, இவற்றை விரட்டுவதும் எளிது. விசுவாச வீரர்களின் பட்டியல் என்று நாம் மனப்பாடம் செய்யும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் முடிவைப் படித்தாலே போதும். அங்கே பெயர் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் விசுவாசத்தில் நற்சாட்சி பெற்றவர்கள் என்றும், வாக்களிக்கப்பட்டது அவர்கள் கைக்கு வரவில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடிகிறது அந்த அதிகாரம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை அவனுக்கு உதவியாக இருந்தார்கள். பிறகு வாயைத் திறந்து மறைவான பாவத்தைத் தேடத் தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தரின் கோபம் கதறிய யோபுவின் மேல் வரவில்லை, விளக்கம் சொன்ன அவர்கள் மேல்தான் வந்தது.

மூன்றாவது விளக்கம் இவ்வளவு எளிதில் விரட்டக்கூடியதல்ல. ஆண்டவர் உனக்கு இதைவிட நல்லது வைத்திருக்கிறார் என்பது அது. இதற்கு நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையின் நாயகி பெங்களூரோடு தொடர்புள்ளவர்.

ஏமி கார்மைக்கேல் 1867இல் வட அயர்லாந்தின் ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்தார். அம்மாவுக்கு நீலக் கண்கள், குழந்தைக்குப் பழுப்புக் கண்கள். சின்ன வயதில் ஓர் இரவு, நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தாள். காலையில் எழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியில் பார்த்தாள். அதே பழுப்புக் கண்கள். பல ஆண்டு கழித்துத் திருநெல்வேலிச் சீமையில், கோவில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடப்படும் சிறுமிகளைக் காப்பாற்றுவதற்காகப் புடவை கட்டி, தோலுக்குக் கருமை பூசி, உள்ளூர்ப் பெண்ணைப் போல அவர் நடமாடியபோது, நீலக் கண் இருந்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும் என்று சொல்வார்கள். தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இது ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. ‘முடியாது’ என்பதும் ஜெபத்துக்கு ஒரு பதில்தான் என்று டீச்சர் முடிப்பார்.

கதை பொய்யில்லை. ஆனால் அந்த வாழ்க்கையிலிருந்து இந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தது சரியில்லை. முழு வாழ்க்கையும் வேறு மாதிரி இருக்கிறது. சீனாவுக்கு ஊழியம் செய்யப் போக விரும்பினார். உடல்நிலை போதாது என்று மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பான் போனார். அங்கே கடுமையான தலைவலி அவரைப் படுக்கவைத்தது, ஓர் ஆண்டுக்கு மேல் கொஞ்ச காலமே இருக்க முடிந்தது. ஜப்பானில் இருந்தபோது ஒருநாள் தனியே ஒரு மலைப்பகுதிக்குப் போய், வாழ்நாள் முழுதும் துணையில்லாமல் இருக்கப் போகிறோம் என்ற பயத்தோடு போராடினார். இதை வெளியே சொல்ல அவருக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. தன்னைப் போல மணமில்லாத வாழ்வின் முன் நின்று தயங்கிய ஓர் உடன் ஊழியருக்காகத்தான் அப்போதும் சொன்னார். இலங்கையில் கொஞ்ச நாள், பிறகு ஊருக்குத் திரும்பல். கடைசியில், பெங்களூரின் சீதோஷ்ணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று இங்கே மருத்துவமனையில் பணியாற்றிய தோழி எழுதியதால், 1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூர் வந்து சேர்ந்தபோது டெங்குக் காய்ச்சல்.

கன்டோன்மென்ட்டின் வெள்ளைக்காரர் வட்டத்துத் தேநீர் விருந்துகளில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தமிழ் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஓராண்டில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியின் துணையோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அவருடைய சரித்திரத்தில் பெங்களூருக்கு ஒன்றிரண்டு பக்கம்தான். எனக்கு அந்தப் பக்கங்கள் முக்கியம். இருபத்தெட்டு வயது, இரண்டு நாடுகள் கைவிட்டுப் போயாயிற்று, மூன்றாவதில் காய்ச்சல், தெரியாத மொழி, பொருந்தாத கூட்டம். பின்னால் டோனாவூர் என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அம்மாவாகப் போகிறோம், ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரு முறைகூட ஊர் திரும்பாமல் இங்கேயே இருக்கப் போகிறோம் என்பதெல்லாம் அப்போது அவருக்குத் தெரியாது. இன்று பெங்களூர் அறைகளில் வேலை தேடிக்கொண்டு, வரன் பார்த்துக்கொண்டு, மருத்துவ முடிவுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு, கதையின் முடிவு தெரிந்த டோனாவூர் அம்மாவைவிட முடிவு தெரியாத இந்தப் பெண்தான் உறவுக்காரி.

டோனாவூரிலும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. 1912இல் வாக்கர் இறந்தார். குழந்தைகளை வளர்க்கத் தோள்கொடுத்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. இளம் விதவையாக மூலையில் உட்கார்த்தப்பட்டு, பிறகு நெய்யூரில் கைக்குழந்தைகள் காப்பகத்தையே பொறுப்பேற்று நடத்தியவர் அவர். அவர் பிழைக்க வேண்டும் என்று எல்லோரும் ஜெபித்தார்கள். 1915இல் வேதனையோடு இறந்தார். 1931 அக்டோபரில் ஒரு சாயங்காலம், களக்காட்டில் ஊழியத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன ஏமி, இருக்கக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் உடைந்தது, கணுக்கால் பிசகியது. லாரியில் நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில மாதத்தில் நடந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையிலேயே கழிந்தன. வலி போகவில்லை.

இந்த இருபது ஆண்டை ஞாயிறு பள்ளியில் நான் கேட்டதில்லை. அது பழுப்புக் கண் கதையைப் போல மடிந்து கைக்குள் அடங்காது. உடைந்த காலால் யாருக்கு என்ன நன்மை என்று சுட்டிக்காட்ட முடியாது. படுக்கையிலிருந்து நல்ல புத்தகங்கள் எழுதினாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பும் எழுதிக்கொண்டிருந்தவர்தான். விழுந்த அன்று காலை, உமக்கு அதிகம் பயன்படும்படி என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளும் என்று அவர் ஜெபித்ததாக வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அந்த ஜெபத்துக்குப் பதிலாக ஆண்டவர் குழியைக் கொடுத்தார் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மகளின் காலை உடைத்துக் காரியம் சாதிக்கும் தகப்பனை இயேசு நமக்கு அறிமுகம் செய்யவில்லை. மீன் கேட்கிற பிள்ளைக்குப் பாம்பைக் கொடுப்பானா என்று கேட்டவர் அவர்.

ஏமி என்ன செய்தார் என்று பாருங்கள். 1933இல், படுக்கையில் விழுந்த இரண்டாம் ஆண்டில், நோயாளிகளுக்கென்று ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயுற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் நூல்களில் பெரும்பாலானவை உடல் நலமுள்ளவர்கள் எழுதியவை, அவை உள்ளே இறங்குவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே அவற்றை வைத்தார். ஆறுதல் சொல்லும் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. ‘இதைவிட நல்லது இருக்கிறது’ என்பதைக் கண்ணாடி முன் நின்ற சிறுமியே வளர்ந்த பிறகு சொல்லலாம். அன்று காலை அவள் அழுதுகொண்டிருக்கும்போது அறைக்குள் நுழைந்து வேறு யாரும் சொல்லக் கூடாது.

அகஸ்டீனின் தாய் மோனிக்காவுக்கும் இதேதான். மகன் ரோமாபுரிக்குக் கப்பலேறக் கூடாது என்று கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சிப்ரியான் பேரில் இருந்த ஆலயத்தில் இரவெல்லாம் அழுது ஜெபித்தார். மகன் பொய் சொல்லிவிட்டு அதே இரவில் கப்பலேறினான். அது 383ஆம் ஆண்டு. பின்னால் மிலானில் மனம் திரும்பி ஞானஸ்நானம் பெற்ற அகஸ்டீன், அன்று அம்மா கேட்டதை ஆண்டவர் மறுத்தது, அவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காகத்தான் என்று எழுதினார். அற்புதமான வாசகம் அது. எழுதத் தகுதியுள்ளவர் எழுதினார், காலம் கடந்து எழுதினார். விடிந்ததும் காலியான கரையில் அலறி நின்ற அந்தத் தாயிடம் யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் அது தெய்வ நிந்தனை.

தமிழ் வீடுகளில் சுகமளிக்கும் கூட்டங்களோடு சேர்த்து நினைக்கப்படும் பெயர் டி.ஜி.எஸ். தினகரன். லட்சக்கணக்கானவர்கள் அவருடைய ஜெபத்துக்காக மைதானங்களில் கூடினார்கள். 1986இல் ஒரு சாலை விபத்தில் அவருடைய மகள் ஏஞ்சல் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அவர் பிறர் பிள்ளைகளுக்காகக் கைநீட்டி ஜெபித்தார். அவர் போதனையின் எல்லா அம்சங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தன் பிள்ளையைப் புதைத்த கையால் இன்னொருவரின் பிள்ளைக்கு நலம் கேட்பது என்ன என்பதை, சுகம் கிடைக்காதவர்களின் விசுவாசத்தை அளக்கப் புறப்படுகிறவர்கள் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

ஏமாற்றங்களில் இன்னொரு வகை இருக்கிறது. அதை ஆண்டவர் கணக்கில் எழுதவே கூடாது. பெங்களூரில் 1910இல் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரியில், 1981இல் இறையியலாளர் அர்விந்த் பி. நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். தலித் இறையியலின் தொடக்கமாக அதைச் சொல்வது வழக்கம். இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் எந்த மக்களிலிருந்து வந்தார்களோ அவர்களுடைய வேதனை, இந்திய இறையியலில் எங்கேயும் இல்லை என்பது அவருடைய குறை. நம் பாட்டன்மாரில் பலர் மனிதராக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசையோடு திருச்சபைக்குள் வந்தவர்கள். அந்த ஆசையை ஏமாற்றியது யார்? தனி வரிசை போட்டது யார்? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதி பிரிக்கும் சுவர் எழுப்பியது யார்? அரசு தரப்பில், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். இதில் எதுவும் தெய்வ சித்தம் அல்ல.

வீட்டுக்குள்ளும் இதே பிசகு நடக்கிறது. அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம், இது உன் சிலுவை, பொறுமையாகச் சுமந்துகொள் என்று சபைப் பெரியவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். சிலுவை என்ற வார்த்தையை அப்படிப் பயன்படுத்தக் கூடாது. அவளுடைய ஆசை மிகச் சின்னது: அடி வாங்காமல் ஒரு நாள் தூங்கி எழ வேண்டும். அதை நிறைவேற்றிக் கொடுக்க ஓர் அற்புதமும் தேவையில்லை, ஒரு வீட்டுக் கதவு திறந்தால் போதும். நாம் திறக்காத கதவுக்கு ஆண்டவருடைய மௌனம் என்று பெயர் வைக்கிறோம். மறுக்கப்பட்ட விருப்பம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, இதை மறுத்தது கடவுளா, நாமா என்பதுதான் என்று நினைக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராதவை மிஞ்சும். குழந்தையில்லாத வீடு, திரும்பி வராத நோயாளி, தனிமை. இவற்றுக்கு முன்னால் வேதம் இரண்டு பேரை நிறுத்துகிறது. ஒருத்தி லூக்கா எழுதிய விதவை. அநியாயமான நீதிபதியின் வாசலில் ஓயாமல் போய் நின்று, அவன் தொல்லை தாங்காமல் நியாயம் செய்யும்வரை விடாதவள். சோர்ந்துபோகாமல் கேட்டுக்கொண்டே இருங்கள் என்பதற்காக இயேசு சொன்ன கதை அது. இன்னொருவர் பவுல். மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துவிட மூன்று முறை வேண்டி, கிருபை போதும் என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டவர். எப்போது விதவையாக இருப்பது, எப்போது பவுலாக மாறுவது? எந்த வசனமும் இதற்கு விதி சொல்லவில்லை. இருபது வருடம் குழந்தை கேட்டுவிட்டு, இனிக் கேட்பதில்லை என்று முடிவெடுத்து நிம்மதி அடைந்தவர்களை எனக்குத் தெரியும். அறுபது வயதிலும் ஓடிப்போன மகன் திரும்பி வருவான் என்று கேட்பதை நிறுத்த மறுக்கிறவர்களையும் தெரியும். முதலாமவர் விசுவாசத்தில் தளர்ந்தவரும் அல்ல, இரண்டாமவர் பிடிவாதக்காரரும் அல்ல. நிறுத்துவதும் தொடர்வதும் கேட்கிறவரின் உரிமை. அண்டை வீட்டார் அதில் தலையிட வேண்டாம்.

ஆண்டவரையே ஆசைப்பட்டு ஏமாந்தவர்களும் உண்டு. அன்னை தெரசா தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். கல்கத்தாத் தெருக்களில் வேலையைத் தொடங்கிய காலம் முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு, ஆண்டவருடைய இருப்பை உணர முடியாத இருட்டில் அவர் இருந்திருக்கிறார். தினமும் விடிகாலையில் எழுந்து ஜெபித்திருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொன்னார். அழிக்காமல் வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். அவை இல்லையென்றால், இருட்டில் ஜெபிக்கிறவர்கள் தங்களை மட்டும்தான் ஆண்டவர் மறந்தார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நம்மிடம் புலம்பலுக்குப் பஞ்சமில்லை. ஒப்பாரி தமிழரின் சொந்தச் சொத்து. ஈழத்திலும் தமிழகத்திலும் கத்தோலிக்கக் கிராமங்கள் தவக்காலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கத்தில் மகனை இழந்த மரியாளின் துயரம் பொங்கி ஓடுகிறது. நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஒரு வெளிச்சமும் இல்லை. அதையும் வேதத்துக்குள் சேர்த்தவர்கள், அப்படி முடிகிற ஜெபமும் ஜெபம்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள். நாம்தான் அதை ஆராதனையில் வாசிப்பதை விட்டுவிட்டோம்.

அதற்குப் பதிலாக நமக்கு வாக்குத்தத்த அட்டைகள் வந்திருக்கின்றன. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், வரும் ஆண்டுக்கான வசனம் அச்சிட்ட அட்டை ஆளுக்கொன்று. அதை ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள், ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். வருஷம் முழுதும் அதைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற எளிய மனிதர்களின் பிடிப்பை நான் மதிக்கிறேன். எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம், நம்பிக்கையான எதிர்காலம் பற்றியது, அதிகம் அச்சாகிறவற்றில் ஒன்று. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அது எழுபது ஆண்டு ஆகும் என்கிறது. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகமாக எவரும் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. வாக்குத்தத்தம் உண்மை, வாசித்தவர்கள் பாபிலோனில் செத்தார்கள் என்பதும் உண்மை. இடைப்பட்ட காலத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், வந்து சேர்ந்த பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. பிழைக்க வந்து இந்த நகரத்திலேயே முடிந்துபோன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வரிகளையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

பெங்களூரில் உள்ள தமிழ்ச் சபைகளிடம் ஒன்று கேட்கிறேன். வரும் டிசம்பர் 31 இரவு, புது அட்டை கொடுப்பதற்கு முன்னால், போன வருஷத்து அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது நிறைவேறியவர்கள் சொல்லட்டும். பிறகு நிறைவேறாதவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் விளக்கம் சொல்ல வேண்டாம், உடனே பாட்டுத் தொடங்கவும் வேண்டாம். 88ஆம் சங்கீதத்தை முழுதாக வாசியுங்கள். பேச மனமில்லாதவர்கள் பழைய அட்டையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, புதியது வாங்காமல் வீட்டுக்குப் போகவும் இடம் கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் வரும்போது ஏன் வாங்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம்.